தீக்காயம் பட்டவருக்கு சோடியம் ஏன் இறங்கி ஏறுகிறது?

கேள்வி: அப்பாவுக்கு 30 சதவீதத் தீக்காயம், எடை 60 கிலோ. இரண்டாம் நாள் சோடியம் 131 என்றார்கள், ஆறாம் நாள் 152. காயம் இன்னும் ஆழமாகிறதா டாக்டர்? சாப்பாட்டில் உப்பைக் குறைக்கலாமா?

பதில்: காயத்தின் ஆழம் சோடியத்தால் வருவதில்லை. எவ்வளவு சூடு பட்டது, எவ்வளவு நேரம் பட்டது என்பதுதான் முதலில் அதைத் தீர்மானிக்கிறது. ரத்தத்தில் உப்புக்கு ஏற்ற தண்ணீர் இருக்கிறதா என்பதைத்தான் சோடியம் சொல்லும். இயல்பான அளவு லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல்.

தீப்பட்டதும் ரத்தக்குழாய்கள் கசியும். நீரும் உப்பும் சதைக்குள் இறங்கி உடம்பு வீங்கும். அதை ஈடுகட்டத்தான் டிரிப்ஸ். அப்பாவுக்கு வழக்கமான கணக்கு 4 மி.லி. × எடை 60 × தீக்காய சதவீதம் 30, அதாவது முதல் 24 மணி நேரத்தில் சுமார் 7,200 மி.லி. அதில் பாதி, தீப்பட்ட நேரத்திலிருந்து 8 மணி நேரத்துக்குள் ஏற வேண்டும். இது தாமதமானால் ரத்த ஓட்டம் குறைந்து, காயத்தின் ஓரத்தில் பிழைக்கக்கூடிய சதையும் செத்துப்போகலாம். காயம் பிறகு ஆழமாவது இப்படியும் நடக்கலாம். பெரும்பாலும் ஏற்றப்படும் ரிங்கர் லாக்டேட்டில் சோடியமே 130தான். அத்தனை லிட்டர் ஏறிய பிறகு 131 என்று வந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. 125க்குக் கீழே போயிருந்தால் வலிப்பு வருமோ என்று பயந்திருப்பேன்.

152ஐத்தான் கவனிக்க வேண்டும். தோல் போன இடத்தில் தண்ணீரைத் தடுத்து நிறுத்த எதுவும் இல்லை. கட்டு மாற்றும்போது துணி நனைந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கண்ணுக்குத் தெரியாமல் ஆவியாகிப் போவது தனி. காய்ச்சல் இருந்தால் இழப்பு இன்னும் கூடும். கிருமித்தொற்றின் போதும் சோடியம் ஏறலாம், அதனால் மருத்துவர்கள் அதையும் தேடுவார்கள்.

ஆக, குறைந்திருப்பது தண்ணீர். சாப்பாட்டு உப்பைக் குறைத்து இதைச் சரிசெய்ய முடியாது. அதற்காக நீங்களாகத் தண்ணீரை நிறையக் கொடுத்துவிடவும் வேண்டாம். சோடியம் மடமடவென்று இறங்கினால் மூளை வீங்கும். பொதுவாக ஒரு நாளில் 10க்கு மேல் இறங்காமல், அளந்துதான் கொடுப்பார்கள்.

சோடியத்தை எத்தனை மணிக்கொரு தடவை பார்க்கிறார்கள், தண்ணீர் எவ்வளவு கொடுக்கிறார்கள், சிறுநீர் எவ்வளவு போகிறது என்று தினமும் கேளுங்கள். அப்பா திடீரென்று குழறிப் பேசினாலோ, எழுப்பியும் கண் விழிக்காமல் கிடந்தாலோ, அடுத்த ரிப்போர்ட் வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்.