ரேஷன் அரிசி போதாதா?

கேள்வி: பழங்குடிகளுக்கு ‘உணவு இறையாண்மை’ வேண்டும் என்கிறார்களே, ரேஷனில்தான் அரிசி கிடைக்கிறதே, அப்புறம் என்ன? - கீழக்கரை வாசகர்

பதில்: சரி, அந்த அரிசி ஒரு மாதம் வராவிட்டால்? தங்கள் சோறு எங்கிருந்து, எப்படி வர வேண்டும் என்பதை அந்த மக்களே முடிவு செய்வதுதான் இறையாண்மை. பிழைப்பு வழியைப் பறித்தால் நியாயமான ஈடு தர வேண்டும் என்கிறது 2007-ல் வந்த ஐ.நா. பழங்குடி உரிமைப் பிரகடனம். 2018-ல் வந்த ஐ.நா. உழவர் உரிமைப் பிரகடனத்தில் சிறு மீனவர்களும் உண்டு.

உங்களுக்குப் பக்கத்திலேயே, பாம்பன் சின்னப்பாலத்தில் பாருங்கள். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, காலில் தகட்டை மாட்டிக்கொண்டு, மூச்சடக்கி முங்கி, பாறையில் ஒட்டிய மரிக்கொழுந்து என்னும் கடற்பாசியைப் பிய்த்து எடுக்கும் பெண்களுக்கு, மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-ல் தேசியப் பூங்கா ஆனதிலிருந்து, பாட்டி போன இடத்துக்கே பயந்து பயந்து போக வேண்டிய நிலை. பவளப்பாறையைக் காக்கத்தான் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்லையா?

காட்டை நம்பி வாழ்பவர்களுக்கு உரிமை தரும் 2006 வன உரிமைச் சட்டம் தேசியப் பூங்காவுக்கும் பொருந்தும். ஆனால் இந்தப் பெண்களைப் போலப் பழங்குடிப் பட்டியலில் இல்லாதவர்கள் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, வனத்தை நம்பி அங்கே வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். கடலில் முங்கியதற்கு யாரிடம் ரசீது இருக்கும்?