மீன் யாருக்குத் தீர்கிறது?

கேள்வி: எங்கள் வீட்டில் தாத்தா, அப்பா இரண்டு பேருக்கும் சர்க்கரை நோய். எனக்கு 31 வயதிலேயே பார்டரில் நிற்கிறது. மனைவி ஐந்து மாதக் கர்ப்பம். தாய் சாப்பிடுவது குழந்தையின் ஜீனையே மாற்றும், அதுதான் எபிஜெனடிக்ஸ் என்று வீடியோவில் பார்த்தேன். அதற்கென்றே ஒரு கேப்ஸ்யூல் விற்கிறார்கள், மாதம் 3,500 ரூபாய். வாங்கலாமா? ஸ்கேனில் குழந்தை எடை சரியாகத்தான் இருக்கிறது. மனைவி தங்கமான பெண். எல்லோருக்கும் பரிமாறிவிட்டுத்தான் சாப்பிடுவாள். மீன் தீர்ந்துவிட்டால்கூட முகம் சுளிக்காமல் குழம்பை மட்டும் ஊற்றிச் சாப்பிட்டுக்கொள்வாள்.
– பெயர் வேண்டாம், தூத்துக்குடி

பதில்: தம்பி, கேப்ஸ்யூலை அப்புறம் பார்ப்போம். மீன் தீர்ந்துவிட்டால் என்று எழுதியிருக்கிறீர்களே, அது எப்படித் தீர்கிறது? வீட்டில் எத்தனை பேர் என்று தெரிந்துதானே வாங்குகிறீர்கள்? உங்கள் தட்டில் இரண்டாவது துண்டு விழும்போது, சட்டியில் என்ன மிச்சம் என்று ஒருநாளாவது எட்டிப் பார்த்தீர்களா? வயிற்றுப்பிள்ளைக்காரி வெறும் குழம்பு ஊற்றிச் சாப்பிடுவதை அவளுடைய நல்ல குணமாக எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கோபம் அதில்தான்.

வீடியோவில் சொன்னது பாதிதான் சரி. ஜீன் மாறாது. அதன்மேல் மெத்தில் என்கிற சின்ன வேதிக்குறிகள் ஒட்டிக்கொள்ளும்; எந்த ஜீன் எவ்வளவு வேலை செய்யும் என்பதில் அந்தக் குறிகளுக்குப் பங்கு உண்டு. அவற்றைப் போட உடம்புக்கு ஃபோலேட், பி12 என்ற இரண்டு வைட்டமின்களும் வேண்டும். ஃபோலேட் கீரையில் இருக்கிறது, ஆஸ்பத்திரியில் தரும் மாத்திரையிலும் இருக்கிறது. பி12 இருப்பது மீன், முட்டை, பால், கறியில். உங்கள் வீட்டில் தீர்ந்துபோவது அதுதான்.

புனே பக்கத்துக் கிராமங்களில் டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக் குழுவினர் 1990-களிலிருந்து கர்ப்பிணிகளையும் அவர்களுக்குப் பிறந்த பிள்ளைகளையும் கவனித்து வருகிறார்கள். கர்ப்பத்தின்போது ரத்தத்தில் ஃபோலேட் நிறையவும் பி12 குறைவாகவும் இருந்த தாய்மாரின் பிள்ளைகளுக்கு ஆறு வயதிலேயே இன்சுலின் சரியாக எடுபடாத நிலை அதிகம் தெரிந்தது. இதைப் படித்துவிட்டு ஃபோலிக் ஆசிட் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். கூட வேண்டியது பி12.

ஸ்கேனில் எடை சரி என்று நிம்மதியாக இருக்கிறீர்கள். இரண்டாம் உலகப் போரில், 1944 குளிர்காலத்தில் ஜெர்மானியப் படை நெதர்லாந்தின் மேற்குப் பகுதிக்கு உணவு போகாமல் அடைத்தது. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 400 முதல் 800 கலோரிதான் ரேஷன். 1945 மே மாதம் விடுதலை கிடைத்தபிறகுதான் வயிறாரச் சாப்பிட்டார்கள். கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்களில் மட்டும் பட்டினி கிடந்து, பிறகு சாப்பிட்ட தாய்மாருக்குக் குழந்தைகள் நல்ல எடையோடுதான் பிறந்தன. ஆனால் ஐம்பது வயதில் அவர்களிடம் இதய நோய் அதிகம் இருந்தது. பஞ்சத்தில் கருவானவர்களை அறுபது வருடம் கழித்துச் சோதித்தபோது, வளர்ச்சிக்கான ஐஜிஎஃப்2 என்ற ஜீனில் மெத்தில் குறிகள் கூடப்பிறந்தவர்களைவிடக் குறைவாக இருந்தன. இது வெளிவந்தது 2008-இல். நடு மாதங்களில் பஞ்சத்தில் சிக்கியவர்களுக்கோ, சிறுநீரில் புரதம் கசிவது அதிகமாக இருந்தது. உங்கள் மனைவி இப்போது இருப்பது அந்த நடு மாதத்தில். குழந்தையின் சிறுநீரகம் உருவாகிக்கொண்டிருக்கிறது. எடை மட்டும் எல்லாவற்றையும் சொல்லிவிடாது.

உங்கள் வீட்டில் பஞ்சம் இல்லை, தெரியும். பஞ்சம் இல்லாத வீட்டில் ஒருத்திக்கு மட்டும் மீன் இல்லை என்பதுதான் என்னால் பொறுக்க முடியாதது.

ஒன்று செய்யுங்கள். உங்களைச் சுமந்தபோது அம்மா என்ன சாப்பிட்டார் என்று கேட்டுப் பாருங்கள். அவரும் கடைசியாகத்தான் உட்கார்ந்திருப்பார். உங்கள் சர்க்கரைக்கு அதுதான் காரணம் என்று ஒரு ஆளை வைத்துச் சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டேன். ஆனால் மூன்று தலைமுறைச் சர்க்கரைக்கு ரத்தத்தை மட்டும் குறை சொல்லும் குடும்பம், தன் வீட்டுப் பெண்கள் என்ன சாப்பிட்டார்கள் என்பதையும் கேட்டே ஆக வேண்டும்.

இன்று ராத்திரி கரண்டியை நீங்கள் எடுங்கள். முதல் தட்டு அவளுக்கு, அப்பாவுக்கும் முன்னால். அம்மா ஏதாவது சொன்னால் நீங்களே பதில் சொல்லுங்கள். அவள் கேட்டாள் என்று மட்டும் ஆக்கிவிடாதீர்கள். கட்டிக்கொண்டு வந்தவளுக்குச் சோறு கேட்டு வாங்கிக் கொடுப்பது புருஷன் வேலை.

கேப்ஸ்யூல் வேண்டாம். டாக்டர் எழுதித் தராத எதையும் கர்ப்பிணிக்கு வாங்காதீர்கள். அந்தப் பணத்துக்குத் தினமும் முட்டையும் பாலும் வாங்கலாம். மீனுக்கு வஞ்சிரம்தான் வேண்டும் என்றில்லை, சாளையிலேயே பி12 ஏராளம். அடுத்த செக்கப்பில் அவளுக்கு பி12 அளவு பார்க்கச் சொல்லுங்கள், நீங்களும் கூடவே போங்கள். ஏழாம் மாதம் வளைகாப்பு போட்டு அனுப்பினால் அவள் அம்மா பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடாதீர்கள். அதற்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.