ஜவ்வாது மலையில் சுற்றுலாவை வளர்க்க என்ன செய்யலாம்?

கேட்டவருக்கு மலையில் கொஞ்சம் நிலம் இருக்கும், விடுதி கட்டும் எண்ணமும் இருக்கும் என்று நினைக்கிறேன். ரோப் கார், கண்ணாடிப் பாலம் பற்றி எழுத ஆட்கள் வருவார்கள். எனக்குத் தெரிந்தது குப்பை. என் வீடு வடசென்னையில், கொடுங்கையூரில். குப்பைக் கிடங்கு எங்கள் மொட்டை மாடியிலிருந்தே தெரியும்.

ஒரு சனிக்கிழமை வேனில் 13 பேர் ஆலங்காயம் வழியாகக் காவலூர் போனோம். அங்குள்ள வானாய்வகத்தில் சனிக்கிழமை மாலைகளில் பொதுமக்களுக்கு வானம் காட்டுவார்கள். அன்று மேகம் மூடிக்கொண்டது. 1986 முதல் இயங்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கியின் கூடத்தைப் பார்த்ததோடு சரி. இரவு வேனிலேயே படுத்தோம். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

மறுநாள் ஜமுனாமரத்தூர், பீமன் அருவி. கட்டுச்சோறு தீர்ந்ததும் அம்மா தட்டு, டம்ளர், தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் ஒரு அரிசிச் சாக்கில் திணித்து, எங்கே போடுவது என்று டீக்கடையில் கேட்டார். “அந்தப் பள்ளத்தில் போடுங்கம்மா, எல்லாரும் அங்கேதான் போடுகிறார்கள்.” எட்டிப் பார்த்த அம்மாவின் முகம் மாறிவிட்டது. சாக்கு எங்கள் காலடியிலேயே 200 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து, குழம்பு வாடையோடு எங்கள் தெருமுனைத் தொட்டிக்கு வந்து சேர்ந்தது. வழியெல்லாம் அம்மாவைக் கிண்டல் செய்தவர்களில் நானும் ஒருவன்.

ஆகவே விடுதிக்கு முன்னால் குப்பை வண்டிக்கு வழி செய்யுங்கள். மாடியில் விளக்குச் சரம் தொங்கவிடாதீர்கள். தொலைநோக்கிக்கு இருட்டு வேண்டும். மலைவாழ் மக்கள் விளைவிக்கும் சாமையைச் சமைத்துப் போடுங்கள். பரோட்டா எங்கள் மூலக்கடையிலேயே கிடைக்கிறது.

“நீ என்ன நிபுணரா?” என்று கேட்கப்போகிறவர்களுக்கு: இல்லை, பேட்டரிக் கடை வைத்திருக்கிறேன். மலைக்காரர்கள் சம்பாதிக்கக் கூடாது என்றும் நான் சொல்லவில்லை. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதம் முதல் இ-பாஸ் வாங்க வேண்டியிருக்கிறது. அந்த நிலைக்கு வருமுன் யோசியுங்கள் என்கிறேன்.

வேனில் படுத்த கதை இதுதான். விடுதிக்காரர் சித்தப்பாவின் ஆதாரை வாங்கினார், முகவரியைப் படித்தார், அறை இல்லை என்றார். எங்களுக்குப் பின்னால் வந்த காருக்குச் சாவி கொடுத்தார். சித்தப்பா துறைமுகத்தில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தவர். ஒன்றும் பேசாமல் வந்து, வேனின் முன் சீட்டில் உட்கார்ந்தபடியே விடியும்வரை இருந்தார்.