அந்த பூட்ஸை அடுத்த வாரம் பிரிக்காதீர்கள்

கேள்வி: 14 வருடமாக நான் போட்டுத் தேய்த்த தோல் பூட்ஸ். முதல் சம்பளத்தில் வாங்கியது. சோல் தேய்ந்துபோனதால் பழுதுபார்க்கும் கடை ஒன்றில் கொடுத்தேன். “வெல்ட் தையல் போட்டுத்தான் சோல் மாற்ற வேண்டும், வெறுமனே ஒட்டக் கூடாது” என்று வாட்ஸ்அப்பில் எழுதினேன். (வெல்ட் என்பது மேல்தோலுக்கும் சோலுக்கும் நடுவே சுற்றி ஓடும் தோல் பட்டை.) பதிலுக்குக் கட்டைவிரல் உயர்த்திய எமோஜி வந்தது. மூன்று வாரம் இழுத்தடித்து, கேட்டால் எரிந்து விழுந்து, கடைசியில் கொடுத்தார்கள். முழுப் பணமும் கட்டி வாங்கினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒட்டியிருக்கிறார்கள். வெல்ட்டை மெஷினில் தேய்த்துக் குறைத்திருக்கிறார்கள், மேல்தோலில் விரிசல், நிறம் மாறிவிட்டது, கால் இறுக்குகிறது. நாலு நாள் போட்டுப் பார்த்தேன், முடியவில்லை. ரசீதின் பின்னால் “பழைய பொருளின் சேதத்துக்குக் கடை பொறுப்பல்ல” என்று அச்சடித்திருக்கிறது. புது பூட்ஸ் விலையும், மன உளைச்சலுக்கு 2 லட்சமும் கேட்க வேண்டும். அடுத்த வாரம் வேறொரு கைதேர்ந்தவரிடம் கொடுத்துப் பிரித்துத் தைக்கப்போகிறேன். அதற்குள் நோட்டீஸ் அனுப்பிவிடலாமா?

பதில்: உங்கள் கடிதத்தில் எனக்கு வேலை வைப்பது கடைசிக்கு முந்தைய வாக்கியம்தான். அடுத்த வாரம் பிரித்துத் தைக்கப்போகிறேன் என்கிறீர்கள். அதை முதலில் ரத்து செய்யுங்கள். மீதியை அப்புறம் பேசலாம்.

முதல் சம்பளம், மூன்று வாரம், எரிந்து விழுந்தது எல்லாம் வருத்தம்தான், வழக்கு அல்ல. இத்தனை நாளில் தருகிறேன் என்று தேதி பேசியதாக நீங்களே எழுதவில்லை. அப்படியிருக்கத் தாமதத்தை மட்டும் வைத்துப் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. கால் இறுக்குவதும் அப்படித்தான். வெல்ட் வைத்த பூட்ஸில் உள்சோலுக்கும் வெளிச்சோலுக்கும் நடுவே கார்க் நிரப்பியிருப்பார்கள். வருடக்கணக்கில் உங்கள் பாதம் பதிந்து பதிந்து அதில் பள்ளம் விழுந்திருக்கும். சோல் மாற்றும்போது பழைய கார்க்கைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிது வைப்பார்கள். அது அமுங்கும் வரை யாருடைய பூட்ஸும் இறுக்கத்தான் செய்யும். மேல்தோல் மடங்கும் இடத்தில் விரிசல் என்றால், 14 வருடத் தோல் காய்ந்து வெடித்தது என்று கடைக்காரர் ஒரே வரியில் சொல்லிவிடுவார். அதை மறுக்க உங்களிடம் கொடுக்கும் முன் எடுத்த நெருக்கமான படம் இருக்கிறதா? கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. விரிசலையும் நிறத்தையும் வழக்கில் சேர்க்காதீர்கள். பலவீனமான புகார் பக்கத்தில் நின்றால் பலமான புகாரும் சந்தேகத்துக்கு ஆளாகும்.

மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்று: தையல் கேட்டீர்கள், ஒட்டித் தந்தார்கள், அதைச் செய்யும்போது வெல்ட்டையும் தேய்த்துவிட்டார்கள். இது நல்ல புகார். 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 148-ம் பிரிவு பெயில்மென்ட் என்று சொல்லும் ஒப்படைப்பு இது. ஒரு வேலைக்காகப் பொருளைக் கொடுக்கிறோம், வேலை முடிந்ததும் திரும்பி வர வேண்டும். சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளை எப்படிப் பார்த்துக்கொள்வாரோ, அந்த அளவு கவனம் வேண்டும் என்கிறது 151-ம் பிரிவு. பொருள் கெட்டுத் திரும்பினால், கவனமாகத்தான் நடந்தேன் என்று காட்டும் சுமை பொதுவாக வாங்கி வைத்திருந்தவர் மேல் விழும். பணம் கொடுத்துப் பெற்ற சேவை என்பதால் 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாடும் ஆகிறது.

பதிலாக வந்தது கட்டைவிரல் எமோஜி மட்டும்தானே என்று கவலை வேண்டாம். 2023-ல் கனடாவின் சஸ்காட்சுவான் மாகாணத்தின் கிங்ஸ் பெஞ்ச் நீதிமன்றம் ஆளிவிதை விற்பனை வழக்கு ஒன்றில் அதைக் கையெழுத்துக்குச் சமமாகவே ஏற்றுக்கொண்டது. அது நம் நுகர்வோர் ஆணையத்தைக் கட்டுப்படுத்தாது, ஆனால் இங்கே அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. உங்கள் நிபந்தனையைப் படித்த பிறகு பூட்ஸை வைத்துக்கொண்டு வேலை செய்து பணமும் வாங்கியிருக்கிறார். ஒப்பந்தச் சட்டம் 8-ம் பிரிவின்படி அந்த நடத்தையே சம்மதம் என்று வாதிடலாம். அந்த உரையாடலை மட்டும் அழிக்காதீர்கள், போனை மாற்றாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தேன் என்று சொல்லிவிட்டுப் பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ரசீதின் பின்பக்க வாசகத்துக்கும் பயப்பட வேண்டாம். லில்லி ஒயிட் எதிர் முனுசாமி என்று சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று உண்டு; 1966-ம் ஆண்டு சட்ட அறிக்கைகளில் வெளியானது. சலவைக்குக் கொடுத்த புதுச் சேலை தொலைந்துபோனது. பாதி விலைக்கு மேல் தரமாட்டோம் என்று ரசீதின் பின்னால் அச்சடித்திருந்தார்கள். தன் கவனக்குறைவுக்குத் தானே சலுகை எழுதிக்கொள்ளும் அந்த நிபந்தனையை நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆனால் அங்கே கவனக்குறைவைக் காட்டுவது சுலபம், சேலையே இல்லை. உங்கள் பூட்ஸ் இருக்கிறது, உங்கள் கையிலேயே இருக்கிறது. சிக்கல் அங்கேதான்.

யோசித்துப் பாருங்கள். ஆணையத்தில் கடைக்காரர் என்ன சொல்வார்? “தைத்துத்தான் கொடுத்தேன். தையல் சோலுக்குள் பள்ளம் வெட்டி மறைத்திருக்கிறது, வெளியே தெரியாது.” அப்படித் தைக்கும் முறை உண்மையிலேயே உண்டு. சோலின் ஓரத்தில் தோலைக் கீறித் தூக்கி, உள்ளே தைத்து, மறுபடி மூடி ஒட்டிவிடுவார்கள். அடிப்பக்கத்திலிருந்து பார்த்தால் ஒட்டு சோலும் அதுவும் ஒரே மாதிரிதான். உள்ளே தையல் இல்லை என்று சந்தேகமில்லாமல் காட்ட வழி பிரித்துப் பார்ப்பது. பிரித்துவிட்டால் கடைக்காரர் செய்த வேலை அதோடு காணாமல் போகும். அதாவது உங்கள் சாட்சியை ஒருமுறைதான் திறக்க முடியும். அந்த ஒருமுறையைத்தான் அடுத்த வாரம் யாரும் பார்க்காத பட்டறையில் செலவழிக்கப் பார்க்கிறீர்கள்.

அந்தக் கைதேர்ந்தவர் என்ன செய்வார் என்றும் சொல்கிறேன். ஒட்டு சோலைச் சூடு காட்டிப் பிய்ப்பார். தேய்ந்த வெல்ட்டை முழுக்க வெட்டி எடுப்பார், ஏனென்றால் அதில் புதுத் தையல் நிற்காது. மேல்தோலையும் வெல்ட்டையும் உள்சோலின் விளிம்பையும் சேர்க்கும் உள் தையலை அறுத்து, புது வெல்ட் வைத்துத் தைப்பார். பிறகு வெல்ட்டையும் சோலையும் சேர்த்து வெளித் தையல். வேலை அருமையாக இருக்கும். நீங்கள் சந்தோஷமாக நடந்துகூடப் போவீர்கள். விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் உங்களைப் பார்த்துக் கேட்பார்: “என் கட்சிக்காரர் தேய்த்ததாகச் சொல்லும் வெல்ட் எங்கே?” அது எப்போதோ குப்பைத் தொட்டிக்குப் போயிருக்கும்.

இது கற்பனை இல்லை. என்னிடம் கைக்கடிகார வழக்கோடு ஒருவர் வந்தார். சர்வீஸ் செய்த இடத்தில் உள்ளே வேறு பாகம் போட்டுவிட்டார்கள் என்பது புகார். உண்மையும்கூட. ஆனால் ஓடாத கடிகாரத்தைப் பார்க்கப் பொறுக்காமல் இன்னொருவரிடம் கொடுத்துத் திறந்து சரிசெய்துவிட்டுத்தான் என்னிடம் வந்தார். எதிர்த்தரப்பு ஒரே ஒரு கேள்வி கேட்டது: “நடுவில் திறந்தவர் போட்டது இல்லை என்று எப்படித் தெரியும்?” எங்களிடம் பதில் இல்லை. சோபா உறை, தையல் மெஷின், தோல் பை என்று பொருள் மாறும், கதை இதேதான். கோபத்தில் நோட்டீஸ் விடுவார்கள், அவசரத்தில் பொருளைச் சரிசெய்துவிடுவார்கள். நோட்டீஸ் காத்திருக்கும். நுகர்வோர் சட்டம் 69-ம் பிரிவின்படி உங்களுக்கு 2 வருடம் இருக்கிறது. பிரித்த சோல் திரும்ப வராது.

நாலு நாள் போட்டு நடந்ததும் ஏற்கெனவே ஒரு ஓட்டை. போட்டுப் பார்க்காமல் இறுக்கம் எப்படித் தெரியும் என்பீர்கள், சரி. இனி போடாதீர்கள். பாலிஷ், எண்ணெய், மெழுகு எதுவும் தடவாதீர்கள். காற்றோட்டமான, ஈரமில்லாத இடத்தில் துணிப் பையில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டினால் பூஞ்சை பிடிக்கும். அடிப்பக்கம், வெல்ட்டின் முழுச் சுற்று, நூல் அறுபட்ட இடங்கள் எல்லாவற்றையும் அளவுகோல் பக்கத்தில் வைத்து இன்றைக்கே படம் எடுங்கள். ஒட்டிய சோல் பாலியூரிதேன் என்ற பிளாஸ்டிக் வகையாக இருந்தால், அந்த வகைக்குச் சும்மா இருந்தாலே காற்றின் ஈரத்தில் நாள்பட நொறுங்கும் குணம் உண்டு. அலமாரியில் பூட்டி வைத்துவிட்டேன், சாட்சி பத்திரம் என்று நினைக்க வேண்டாம்.

பிரிப்பதே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஊரறியப் பிரியுங்கள். கடைக்காரருக்கு ஸ்பீட் போஸ்டிலும் வாட்ஸ்அப்பிலும் நாலு வரி எழுதுங்கள்: தையல் கேட்டேன், ஒட்டியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன், இன்ன தேதி இன்ன நேரம் இன்னாரிடம் பிரித்துப் பார்க்கப்போகிறேன், நீங்களோ உங்கள் ஆளோ வந்து பாருங்கள். குறைந்தது ஒரு வாரம் அவகாசம் கொடுங்கள். வந்தால் அவர் முன்னால், வராவிட்டால் வீடியோ முன்னால். முதல் கீறலிலிருந்து கடைசி வரை நிறுத்தாமல் எடுக்க வேண்டும். பிய்த்த சோல், வெட்டிய வெல்ட், அறுந்த நூல் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, கூட இருந்தவர்கள் கையெழுத்தோடு வையுங்கள். பிரித்தவர் தான் பார்த்ததை ஒரு தாளில் எழுதித் தர வேண்டும். இதில்தான் பலரும் சறுக்குவார்கள். ஒரே தொழிலில் இருப்பவர் இன்னொருவருக்கு எதிராக எழுதித் தரத் தயங்குவார். எழுதித் தர முடியுமா என்று பிரிப்பதற்கு முன்னால் கேளுங்கள். முடியாது என்றால் வேறு ஆளைப் பாருங்கள், எவ்வளவு நல்ல கைக்காரராக இருந்தாலும் சரி.

இப்போது பணம். புது பூட்ஸ் விலை கிடைக்காது. ஒப்பந்தச் சட்டம் 73-ம் பிரிவு மீறலால் இயல்பாக விளைந்த நஷ்டத்தைத்தான் தரும். அந்தக் கஷ்டத்தைச் சரிசெய்ய என்ன வழி இருந்தது என்பதையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது அதன் விளக்கக் குறிப்பு. உங்கள் பூட்ஸுக்கு வழி இருக்கிறது: புது வெல்ட், தைத்த சோல். ஆகவே உங்கள் நஷ்டம் அந்தக் கூலியும், முதல் கடையில் கட்டிய கூலியும். 14 வருடம் நடந்த பூட்ஸுக்குப் புதுசின் விலை கேட்டால், மனு படிக்கும்போதே ஆணைய உறுப்பினர் கண்ணாடியைக் கழற்றி உங்களைப் பார்ப்பார். மன உளைச்சலுக்கு ஆணையங்கள் ஏதாவது சேர்த்துக் கொடுப்பது உண்டு, ஆனால் இப்படிப்பட்ட வழக்கில் 2 லட்சம் என்ற எண்ணை மறந்துவிடுங்கள்.

கட்டணம் பெரிய விஷயமில்லை. கொடுத்த கூலி 5 லட்சத்துக்குள் என்றால் புகார்க் கட்டணமே கிடையாது, நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். காலம்தான் விலை. எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் சேர்ந்ததிலிருந்து 3 மாதத்தில், பரிசோதனை தேவைப்பட்டால் 5 மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறை எப்படி என்று வாய்தாவுக்கு அலைந்தவரைக் கேளுங்கள். ஜெயித்தாலும் அவர் 45 நாளுக்குள் மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு போகலாம். உத்தரவான தொகையில் பாதியைக் கட்ட வேண்டும், அவ்வளவுதான். இந்தத் தொகைக்கு அந்த அலைச்சல் தகாது. சமரசம் பேசுங்கள். பிரித்துப் பார்த்து உள்ளே தையல் இல்லை என்று தெரிந்த அன்றே பேசுங்கள். அன்றைக்குத்தான் உங்கள் கை ஓங்கியிருக்கும். கட்டிய கூலியைத் திருப்பித் தரட்டும், புது வெல்ட் வேலையின் கூலியையும் ஏற்கட்டும், வேலையை நீங்கள் சொல்லும் ஆள் செய்யட்டும்.

அவர் “நானே இலவசமாக மறுபடி செய்து தருகிறேன்” என்பார். பெரும்பாலும் இதுதான் முதல் பதிலாக வரும். வேண்டாம். மறுபடி அவர் கைக்குப் போனால் சாட்சியும் அவர் கைக்குப் போகிறது, ஏற்கெனவே தேய்ந்த வெல்ட்டில் இன்னொரு தடவை மெஷின் ஓடுகிறது. வேறு வழியில்லாமல் கொடுத்தே ஆக வேண்டுமென்றால், “என் உரிமைகளுக்குப் பாதகமின்றி” என்று எழுதி, படத்தோடு கொடுங்கள். திரும்ப வாங்கும்போது ரசீதில் “முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்” என்ற வரி இருந்தால் அடித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். அந்த ஒரு வரியால் நல்ல வழக்கு இரண்டை நான் இழந்திருக்கிறேன்.

கடையின் படத்தைப் போட்டு “திருட்டுப் பயல்” என்று எங்கேயும் எழுதாதீர்கள். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா 356-ம் பிரிவில் அவதூறு இன்னும் குற்றம்தான். இன்றைக்கு நீங்கள் புகார்தாரர். அதை எழுதினால் சமரச மேஜையில் அவர் கையிலும் ஒரு சீட்டு வந்துவிடும்.

நோட்டீஸை நான் தயார் செய்து தருகிறேன், பிரித்த பிறகு. கையெழுத்திட்ட தாளும் வீடியோவும் இருந்தால் அரைப் பக்கம் போதும். இப்போதைக்கு அந்தக் கைதேர்ந்தவருக்குப் போன் செய்து, புது தேதி கேளுங்கள். எழுதித் தருவாரா என்பதையும் அதே போனில் கேட்டுவிடுங்கள்.