கிளினிக்கை நினைத்தாலே கை நடுங்குகிறது

கேள்வி (கொவிட் காலத்தில் வந்தது): பேராதனையில் பல் மருத்துவம், நான்காம் ஆண்டு. கொவிட்டால் பீடம் மூடியதிலிருந்து வெள்ளவத்தையில் வீட்டோடு இருக்கிறேன். விரிவுரை எல்லாம் சூமில். கிளினிக் திரும்பத் தொடங்கப்போகிறது என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து, மூன்று கிழமையாக நித்திரை இல்லை. ட்ரில்லைத் தொட்டே மாதக்கணக்காகிறது. அம்மம்மாவுக்கு நீரிழிவு, நான் நோயைக் கொண்டுவந்துவிடுவேனோ என்ற பயம். சில நாள் காலையில் எழும்பாமலே போனால் நல்லது என்றுகூடத் தோன்றுகிறது. டொக்டராகப் போகிறவள் இதற்கு டொக்டரிடம் போகலாமா?
- வாசகி, கொழும்பு 6

பதில்: மகள், "எழும்பாமலே போனால் நல்லது" என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத் தாண்டி என்னால் வாசிக்க முடியவில்லை. நேராகவே கேட்கிறேன். உயிரை மாய்த்துக்கொள்வது எப்படி என்று யோசித்தது உண்டா? உண்டென்றால் இன்று தனியாக இருக்க வேண்டாம். அம்மாவையோ அப்பாவையோ கூட்டிக்கொண்டு கொழும்பு தேசிய வைத்தியசாலைக்கு இன்றே போங்கள். ஊரடங்கோ பயணத்தடையோ இதற்குத் தடையில்லை. அப்படி இல்லை, வெறும் களைப்பில் வந்த நினைப்புத்தான் என்றாலும் மனநல மருத்துவரைப் பார்க்கத்தான் வேண்டும். நித்திரையும் மனமும் இரண்டு கிழமைக்கு மேல் குலைந்திருந்தாலே நாங்கள் அதைச் சும்மா விடுவதில்லை.

உங்கள் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. மற்ற டொக்டர்கள் தங்கள் நோயாளியிடம் முகக்கவசத்தைப் போடச் சொல்லலாம். உங்கள் நோயாளி அதைக் கழற்றி வாயைத் திறந்தால்தான் வேலையே தொடங்கும். முகத்துக்கு ஒரு அடி தூரத்தில் நீங்கள். ட்ரில் நிமிடத்துக்கு லட்சக்கணக்கான தடவை சுழல, அதைக் குளிர்விக்கும் தண்ணீர் எச்சிலோடு கலந்து புகைபோல எழும்பும். கொவிட் சமூகத்தில் பரவும் இடங்களில் அவசரமில்லாத பல் சிகிச்சைகளைத் தள்ளிவைக்கலாம் என்று உலக சுகாதார அமைப்பே 2020 ஓகஸ்டில் சொன்னதும் இதனால்தான். இதற்குப் பயப்படுவது கோழைத்தனம் இல்லை. ஆனால் நல்ல முகக்கவசம், முகத்தடுப்பு, வாயிலிருந்து தண்ணீரை உறிஞ்சும் சக்சன், காற்றோட்டம் எல்லாம் அந்த ஆபத்தை நிறையக் குறைக்கும். கிளினிக்கில் என்ன ஏற்பாடு என்று பொறுப்பாசிரியரிடம் முன்கூட்டியே கேளுங்கள். வீட்டுக்கு வரும் நாட்களில் அம்மம்மாவோடு ஜன்னலைத் திறந்துவைத்து, முகக்கவசத்தோடு கதைக்கலாம்.

அடுத்தது கை. இடது கையில் வாய்க்கண்ணாடி, அதில் எல்லாம் புரண்டு தெரியும், வலது கையின் மோதிர விரலைப் பக்கத்துப் பல்லில் ஊன்றிக்கொண்டு வேலை. ஒருமுறை பழகிய கை இதை அடியோடு மறப்பதில்லை, கொஞ்சம் மந்தமாகும், அவ்வளவுதான். முதல் நாளே நோயாளியில் தொடங்காமல் பயிற்சிக்கான பொம்மைத் தலையில் சில மணி நேரம் தரச்சொல்லிக் கேளுங்கள். உங்கள் வகுப்பு முழுவதுக்கும் இதே தேவை இருக்கும். சேர்ந்து கேட்டால் இன்னும் நல்லது. இத்தனை பல் அடைப்பு, இத்தனை பல் பிடுங்கல் செய்து முடிக்க வேண்டும் என்ற கணக்கு நிரம்பாதது உங்கள் பிழை இல்லை. மூடியது பீடம், நீங்கள் இல்லை.

நித்திரைக்கு: எத்தனை மணிக்குப் படுத்தாலும் ஒரே நேரத்தில் எழும்புங்கள். பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு தேத்தண்ணீர், கோப்பி வேண்டாம். கட்டிலில் இருந்து சூம் பார்க்காதீர்கள். பார்மசியில் தெரிந்தவரைப் பிடித்து நித்திரைக் குளிசை வாங்கிப் போடவே கூடாது.

சரி, டொக்டராகப் போகிறவள் போகலாமா? போன வருடம் ஒரு மருத்துவ மாணவர் என்னிடம் வந்தார். சனிடைசர் பட்டுப் பட்டு விரல் இடுக்கெல்லாம் வெடித்திருந்தது. கைக்குக் களிம்பு கேட்டுத்தான் வந்தார். அரை மணி நேரம் கழித்துத்தான் அழுகை வந்தது. அவ்வளவு நாள் அவரைத் தடுத்ததும் உங்கள் இதே கேள்விதான். அங்கொடை மனநல வைத்தியசாலை என்றாலே சிரிக்கிற ஊர் இது, எனக்குத் தெரியும். ஆனால் பல் வைத்தியருக்குப் பல் வலித்தால் இன்னொரு பல் வைத்தியரிடம்தானே வாயைத் திறக்கிறார்?

தேசிய மனநல நிறுவனத்தின் உதவித் தொலைபேசி 1926 இரவு பகலாக இயங்குகிறது. 1333 என்ற ஆலோசனைத் தொலைபேசி இலவசம், தமிழிலும் பேசலாம். இன்றிரவு அம்மாவிடம் சொல்லுங்கள். வாய் வராவிட்டால் எனக்கு எழுதியதை அப்படியே வாசிக்கக் கொடுங்கள். மருத்துவரைப் பார்த்த பிறகு எனக்கு இரண்டு வரி எழுதுங்கள், காத்திருப்பேன்.