பாடுவான் சரி, பத்து வாரம் பிரிந்திருப்பானா?

அடுத்த மாதம் வியன்னாவுக்குக் குடிவருகிறீர்கள், எட்டு வயது மகன் நன்றாகப் பாடுவான், அவனை வியன்னா சிறுவர் பாடகர் குழுவில் சேர்க்க முடியுமா, வாடகை எவ்வளவு, குளிருக்கு என்ன வாங்கி வரலாம் என்று கேட்டிருக்கிறீர்கள் தம்பி. வாடகையை இணையத்தில் பாருங்கள். குளிர்ச்சட்டையை இங்கே வந்து வாங்குங்கள். நான் மதுரையில் வாங்கி வந்தது நவம்பரைக்கூடத் தாங்கவில்லை.

பையன் விஷயத்துக்கு வருகிறேன். வெளிநாட்டுப் பிள்ளைகளும் அங்கே பாடுகிறார்கள். குரல் தேறினால் இடம் உண்டு. ஆனால் குழுவின் சீருடையான மாலுமிச் சட்டையில் மகனைப் படம் எடுத்து ஊருக்கு அனுப்பும் ஆசையில் நம்மவர் சிலர் கேட்கிறார்கள். அவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: பிள்ளையைப் பிரிந்து இருப்பீர்களா? சுமார் நூறு பையன்கள், நான்கு குழுக்கள். ஒவ்வொன்றும் ஆண்டுக்குப் பத்து வாரம் போல ஊர் ஊராகப் போகும். மொத்தம் முந்நூறு கச்சேரிகள். வியன்னாவில் இருக்கும்போதும் ஆவ்கார்ட்டன் அரண்மனை விடுதியில்தான் வாசம்.

இன்னொன்று, குரல் உடையும். இசைமேதை ஷூபர்ட்டும் இங்கே அரசவைத் தேவாலயத்தில் பாடிய சிறுவன்தான். 'ஷூபர்ட் கடைசியாகக் கூவியது, 26 ஜூலை 1812' என்று பாட்டுத்தாளிலேயே எழுதியிருக்கிறது. ஜெர்மனில் சேவல் கூவுவதைச் சொல்லும் சொல் அது. என் மகன் பள்ளி விழாவில் பாதிப் பாட்டில் அப்படித்தான் கூவினான். ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. பதின்மூன்று வயதில் முடிந்துவிடுகிற ஒன்றை நம்பிக் குடும்பத்தின் திட்டத்தைப் போடாதீர்கள். முதலில் ஜெர்மன் படிக்கட்டும். நீங்களும் படியுங்கள். முப்பது ஆண்டு இங்கே இருந்தும் மருத்துவரிடம் பிள்ளையை மொழிபெயர்க்கக் கூட்டிப் போகிறவர்களை எனக்குத் தெரியும். நான் ஆறே மாதத்தில் பக்கத்து வீட்டுக் கிழவியோடு குப்பைத் தொட்டிக்காகச் சண்டை போடும் அளவுக்குத் தேறிவிட்டேன்.

இந்தக் குழுவின் உலகப் பயணமும் வயிற்றுப்பாட்டுக்காகத் தொடங்கியதுதான். 1498-இல் மாக்ஸிமிலியன் அரசர் வைத்த பாடகர் மரபு, 1918-இல் ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசு போனதும் போஷிக்க ஆளில்லாமல் நின்றது. யோசஃப் ஷ்னிட் என்ற பாதிரியார் 1924-இல் மீண்டும் பையன்களைச் சேர்த்தார். கையில் காசில்லை. அதனால்தான் 1926-இல் தேவாலயத்துக்கு வெளியே கச்சேரி செய்யக் கிளம்பினார்கள். 1932-இல் அமெரிக்காவே போய்விட்டார்கள்.

நான் வந்த முதல் குளிர்காலம். ஓர் உணவகத்தில் இரவெல்லாம் பாத்திரம் கழுவிவிட்டு ஞாயிறு காலை ஹோஃப்புர்க் அரண்மனை வழியாக நடந்து வந்தேன். அந்தப் பையன்கள் பாடும் அங்குள்ள சிற்றாலயத்தில் நின்று கேட்பவர்களுக்குக் கட்டணம் இல்லை என்றார்கள்; பாட்டைவிட உள்ளே வெதுவெதுப்பாக இருக்கும் என்றுதான் நுழைந்தேன். மேலே மாடத்திலிருந்து குரல்கள் வந்தன, பாடுபவர் ஒருவரும் கண்ணில் படவில்லை. ஒலிநாடா போடுகிறார்கள் என்றே நினைத்தேன். முடிந்து வெளியே வந்தால் முற்றத்தில் நீலச் சட்டைப் பையன்கள். ஒருவன் கைக்குட்டை இல்லாமல் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஊரில் விட்டுவந்த என் மகனுக்கும் அப்போது அதே வயது.