வாஷிங் மெஷினுக்குப் பின்னால் இட்லி

அன்புள்ள சார்,

மகளுக்கு 6 வயது. நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம், பள்ளி விட்டு வந்தால் நான் வரும்வரை என் மாமியார்தான் பார்த்துக்கொள்கிறார். அவருக்கு 68 வயது. சம்மணம் போட்டு உட்கார வேண்டும், சத்தமாகச் சிரிக்கக்கூடாது, தட்டில் ஒரு பருக்கை மிஞ்சக்கூடாது. இவளோ எதற்கெடுத்தாலும் “ஏன்?” போன வாரம் கோலமாவு டப்பாவைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு “இப்ப நான்தான் அப்பத்தா, நீ போய்ப் படி” என்றிருக்கிறாள். கரண்டிக்காம்பால் காலில் இரண்டு விழுந்தது. அதற்கப்புறம் சாப்பாட்டில் முரண்டு குறைந்துவிட்டது, நேற்றுக் கூட்டும்போதுதான் வாஷிங் மெஷினுக்குப் பின்னால் காய்ந்த இட்லித் துண்டுகள் கிடந்ததைப் பார்த்தேன். அத்தையிடம் பேசினால் “ஒடிச்சு வளர்க்காத முருங்கையும் அடிச்சு வளர்க்காத பிள்ளையும் உருப்படாது” என்கிறார். டேகேரில் விட்டுவிடலாமா?

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள சகோதரி,

கோலமாவில் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். ஆனால் நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த இட்லித் துண்டு என்னை நிறுத்திவிட்டது. முகத்துக்கு நேரே “ஏன்” என்று கேட்கிற பிள்ளையைப் பற்றி எனக்குக் கவலையே கிடையாது. முரண்டு குறைந்துவிட்டது என்கிறீர்களே, எங்கே குறைந்தது, வாஷிங் மெஷினுக்குப் பின்னால் அல்லவா போயிருக்கிறது!

முருங்கைக்கு வருவோம். செடிமுருங்கை போடுகிறவர்கள் இரண்டரை அடி வளர்ந்ததும் பக்கக்கிளை வரட்டும் என்று நுனியைக் கிள்ளிவிடுவார்கள், அதையும் விரலால்தான். கரண்டிக்காம்போடு யாரும் தோட்டத்துக்குப் போவதில்லை. பள்ளியில் பிள்ளைகளை அடிக்கக்கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு சொல்கிறது, அந்தச் சட்டம் உங்கள் சமையலறைக்குள் வராது. அங்கே சொல்ல வேண்டியவர் உங்கள் கணவர். மருமகள் சொன்னால் அது வேறு சண்டையாகிவிடும், மகன் சொன்னால் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார், அவ்வளவுதான். (கடிதத்தில் அவர் வேலைக்குப் போவதோடு சரி, அப்புறம் ஆளையே காணோம்.)

பருக்கை விஷயத்தில் அத்தையோடு மல்லுக்கு நிற்காதீர்கள். 1967இல் அவருக்குப் பத்து வயது இருந்திருக்கும். ‘ரூபாய்க்கு மூன்று படி அரிசி’ என்று தேர்தல் மேடைகளில் முழங்கிய வருடம், அரிசிக்கு அப்படி ஒரு தட்டுப்பாடு. அந்தக் காலத்துப் பிள்ளைக்குத் தட்டில் மிஞ்சிய சோறு வெறும் சோறாகத் தெரியாது. இட்லியை மகளே எடுத்துப் போட்டுக்கொள்ளட்டும், ஒன்று போதுமென்றால் ஒன்று, ஆனால் எடுத்ததை முடிக்க வேண்டும். இந்தப் பேரத்துக்கு இரண்டு பேருமே மசிவார்கள் என்று நினைக்கிறேன்.

சத்தமாகச் சிரிக்காதே என்பதற்கு மட்டும் நீங்களே நின்று பேசுங்கள், அதில் இறங்கிப் போகவே வேண்டாம். பையனாக இருந்தால் அதைச் சொல்லியிருப்பாரா?

டேகேர் இப்போதைக்கு வேண்டாம். கம்பு நிற்கவில்லை என்றால் மறுநாளே சேர்த்துவிடுங்கள்.

அப்புறம், கடையில் வாங்குகிற கோலமாவு பெரும்பாலும் கல்மாவுதான், கண்ணில் விழுந்தால் வம்பு. டப்பாவைப் பரணில் ஏற்றிவிடுங்கள். அதில் நான் அப்பத்தா கட்சி.